பனி நாட்டுப் பட்டா

நம் பெரியோர்கள் காலத்து விக்கிரயப் பத்திரங்களைப் படித்துப் பார்த்தவர்களுக்கு, அவற்றில் தவறாமல் வரும் ஒரு சொல் வரிசை நினைவிருக்கும். நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம் என்று அது ஆரம்பிக்கும். பத்திரம் எழுதுகிறவர் அதை ஒரே மூச்சில் எழுதி முடித்துவிடுவார். அதற்கு என்ன பொருள் என்று கேட்பவர்கள் குறைவு. நிலத்தை விற்கிறவன் மேல்மண்ணை மாத்திரம் விற்கவில்லை. அடியில் கிடக்கும் புதையல், கல், ஊற்று, இப்போதுள்ள பலன், இனி உண்டாகப் போகும் பலன் யாவற்றையும் சேர்த்தே கொடுக்கிறான் என்பது தாத்பரியம். இந்தக் காலத்துச் சட்டம் அதை எவ்வளவு தூரம் ஒப்புக்கொள்ளும் என்பது வக்கீல்கள் பேச வேண்டிய விஷயம்.

இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்வது, அந்த வரிசையில் பெரும்பகுதியைப் பேனாவால் அடித்துவிட்டு, ஒரு ஜன சமூகத்தாரிடம் கொடுக்கப்பட்ட பத்திரத்தின் கதை. கனடா தேசத்தில், கியூபெக் மாகாணத்தின் வடகோடியில் வசிக்கும் இனுவிட் மக்கள் அதைப் பெற்றார்கள். பெற்ற பிறகு அதைக் காப்பாற்றுவதற்கு ஊருக்கு ஒரு நிலக் கழகம் வைத்தார்கள்; ஊர்க் கழகங்கள் யாவற்றுக்கும் பொதுவாக ஒரு சங்கமும் கண்டார்கள். நமக்குப் பூகோளப் பாடத்தில் "எஸ்கிமோ" என்று சொல்லிக் கொடுத்தார்களே, அவர்கள்தாம். அந்தப் பெயர் பிறர் இட்டது. அதை அவர்கள் விரும்புவதில்லை. "இனுவிட்" என்றால் அவர்கள் பாஷையில் மனிதர்கள் என்று பொருள். "நுனா" என்றால் நிலம். அவர்கள் வசிக்கும் பிரதேசத்துக்கு நுனாவிக் என்று பெயர்.

நுனாவிக்கின் பரப்பு நம் தமிழ்நாட்டைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஜனத்தொகையோ, 2021-ஆம் வருஷக் கணக்குப்படி, சுமார் 14,000. நம் பக்கத்தில் ஒரு நடுத்தர டவுனுக்குக் கூட இதைவிட அதிக ஜனம் உண்டு. ஹட்ஸன் வளைகுடா, ஹட்ஸன் ஜலசந்தி, உங்காவா வளைகுடா ஆகியவற்றின் கரையோரமாகப் பதினான்கு ஊர்கள். ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் இடையே சாலை கிடையாது. கோடையில் கப்பல் வரும். மற்றக் காலங்களில் ஆகாய விமானம்தான். வடக்கே போகப் போக மரங்கள் குட்டையாகிப் பிறகு மறைந்தே போகின்றன. பல இடங்களில் மண் உள்ளே நிரந்தரமாக உறைந்து கிடக்கிறது. உழவு என்ற பேச்சுக்கே இடமில்லை. கடல்நாய், மீன், கரிபூ மான், பறவை - இவைதாம் அந்நிலத்தின் மகசூல். இத்தகைய நிலத்தை வேலி கட்டிப் பங்கு போட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை என்பது யாருக்கும் விளங்கும். மான் கூட்டம் எந்த வேலியையும் மதித்து நடப்பதில்லை.

அந்த நிலத்தைப் பிறர் எப்படிப் பங்கு போட்டார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நமக்கு வாய்த்ததைப் போலவே அவர்களுக்கும் ஒரு கம்பெனி வாய்த்தது. 1670-ஆம் வருஷம் இங்கிலாந்து தேசத்து அரசர் இரண்டாம் சார்ல்ஸ், ஹட்ஸன் வளைகுடாவில் வந்து விழும் நதிகள் பாயும் பூமி முழுவதையும் தம் உறவினரான இளவரசர் ரூபர்ட் முதலானோர் அடங்கிய ஒரு வியாபாரக் கூட்டத்துக்குச் சாசனம் செய்து கொடுத்தார். அந்த நதிகளில் ஒன்றையேனும் அவர் கண்ணால் கண்டதில்லை. சாசனம் பெற்ற ஹட்ஸன்பே கம்பெனி, தோல் வியாபாரம் செய்து கொழுத்தது. 1870-இல் அந்தப் பூமி கனடாவிடம் ஒப்படைக்கப்பட்டது. கம்பெனிக்கு 3,00,000 பவுன் கிடைத்தது. குடியிருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விற்பனை நடந்த செய்தி கூட அவர்களுக்கு எட்டியிராது. அந்தக் கம்பெனி, பிற்காலத்தில் நகரங்களில் துணிக்கடையும் சாமான் கடையும் வைத்து நடத்திவிட்டு, 2025-இல் தன் கடைகளை மூடியது. 355 வருஷம் என்பது ஒரு கம்பெனிக்குத் தீர்க்காயுள்தான்.

1912-இல் கனடா சர்க்கார் இந்த வட பிரதேசத்தைக் கியூபெக் மாகாணத்தோடு சேர்த்தார்கள். அப்போது இயற்றிய சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அங்கே வசிக்கும் பூர்வ குடிகளின் பாத்தியதையை மாகாணம் அங்கீகரித்து, அவர்களிடமிருந்து முறைப்படி அதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அது. அறுபது வருஷம் அந்த நிபந்தனை புஸ்தகத்தில் உறங்கியது. நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. பஞ்சத்தில் வாடிய இனுவிட் மக்களுக்கு உதவி செய்யும் செலவு யாரைச் சேர்ந்தது என்று மாகாண சர்க்காருக்கும் மத்திய சர்க்காருக்கும் வழக்கு வந்தது. 1939-இல் கனடா சுப்ரீம் கோர்ட், சட்டத்தில் "இந்தியர்" என்று கண்டிருப்பது இனுவிட் மக்களையும் சேர்க்கும், ஆகவே அவர்கள் மத்திய சர்க்காரின் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்லிற்று. சோறு போட வேண்டிய காலத்தில் "எனக்கு வேண்டாம், உனக்கு வேண்டாம்" என்று தள்ளிவிட்ட இருவரும், நதிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று தெரிந்ததும் எவ்வளவு அக்கறையோடு வடக்கே திரும்பிப் பார்த்தார்கள் என்பதை இனி பார்ப்போம்.

1971-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், மாகாணப் பிரதமர் ராபர்ட் புராஸா, ஜேம்ஸ் வளைகுடாவில் விழும் பெரிய நதிகளைத் தேக்கி மின்சார உற்பத்தி செய்யும் மகத்தான திட்டத்தை வெளியிட்டார். நதிக்கரையில் வாழ்ந்த கிரீ மக்களையும், அவர்களுக்கு வடக்கே வாழ்ந்த இனுவிட் மக்களையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த இனுவிட் மக்கள் அந்தச் சமயத்தில்தான் "வட கியூபெக் இனுவிட் சங்கம்" என்று ஒன்று கூடினார்கள். அதை ஸ்தாபித்தவர்களில் முதன்மையானவர் சார்லி வாட். அப்போது முப்பது வயதுக்கு உட்பட்டவர். பின்னாளில் கனடாவின் மேல்சபையில் அங்கத்தினரானார்.

கிரீ மக்களும் இனுவிட் மக்களும் சேர்ந்து மான்ட்ரீல் கோர்ட்டுக்குப் போனார்கள். வேட்டைக்காரர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். எந்த ஆற்றில் எந்த மாதம் எந்த மீன் ஏறும், எந்த மேட்டில் மான் கடக்கும் என்பதே அவர்கள் காட்டிய தஸ்தாவேஜு. 1973-ஆம் வருஷம் நவம்பர் 15-ஆம் தேதி நீதிபதி ஆல்பர்ட் மலூஃப், 1912-ஆம் வருஷத்து நிபந்தனையை மாகாணம் நிறைவேற்றவில்லை என்று கண்டு, அணை வேலையை நிறுத்தும்படி உத்தரவிட்டார். அறுபது வருஷம் உறங்கிய வாக்கியம் எழுந்து உட்கார்ந்தது. ஆனால் ஒரு வாரத்துக்குள் அப்பீல் கோர்ட் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. சில ஆயிரம் பேரின் நலத்துக்காக மாகாணத்து மகாஜனங்களின் நன்மையைத் தடுக்கலாகாது என்பது அதன் நியாயம். இந்த நியாயம் நமக்குப் புதிதன்று. பொது நன்மை என்ற பெயர் வரும்போதெல்லாம், அந்தப் பொதுவில் சேராதவர்கள் யார் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

புல்டோஸர்கள் மறுபடி ஓட ஆரம்பித்த சப்தத்தின் நடுவில் சமரசப் பேச்சு நடந்தது. 1975-ஆம் வருஷம் நவம்பர் 11-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இனுவிட் தரப்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான ஸெபெடி நுங்காக்குக்கு அப்போது வயது 24. நம்மூரில் அந்த வயதுப் பிள்ளையிடம் ஒரு காணி நிலத்தின் பத்திரத்தைக் கூடத் தனியே பேசி முடித்து வரும்படி அனுப்பமாட்டோம்.

சரி, பத்திரத்தில் கண்டது என்ன? நிலம் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டது. முதல் வகை, ஒவ்வோர் ஊரையும் சுற்றியுள்ள நிலம். அது இனுவிட் மக்களுக்கே சொந்தம். இரண்டாம் வகையில் வேட்டைக்கும் மீன் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு மட்டும், நிலம் சர்க்காருடையது. மூன்றாம் வகை, மிச்சமுள்ளதெல்லாம். அங்கே அவர்களும் வேட்டையாடலாம், பிறரும் வரலாம். முதல் வகை நிலம் ஏறக்குறைய 8,000 சதுர கிலோமீட்டர். எண்ணிக்கை பெரிதாகத் தோன்றும். ஆனால் அது நுனாவிக் முழுவதிலும் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு. இரண்டாம் வகை அதைப்போல் சுமார் பத்து மடங்கு. நஷ்ட ஈடாகக் கிரீ மக்களுக்கும் இனுவிட் மக்களுக்கும் சேர்த்து 22.5 கோடி டாலர். இனுவிட் பங்கு சுமார் 9 கோடி. அந்தப் பணத்தை நிர்வகிக்க 1978-இல் மகிவிக் என்ற பொது ஸ்தாபனம் ஏற்பட்டது. சாலையில்லாத நாட்டில் ஆகாய விமானக் கம்பெனி ஒன்றை அது சொந்தமாக நடத்துவது புத்திசாலித்தனமான காரியம்.

இதற்கு ஈடாக அவர்கள் கொடுத்தது: அந்தப் பிரதேசம் முழுவதிலும் தங்களுக்கு இருந்த, இருக்கக்கூடிய பூர்வ பாத்தியதைகள் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்ற ஒரு ஷரத்து. முதல் வகை நிலத்தில் கூட, பூமிக்கு அடியில் உள்ள உலோகங்கள் மாகாணத்துக்கே உரியவை. நிதியும் போயிற்று, நிக்ஷேபமும் போயிற்று. பாஷாணத்தில் மட்டும் ஒன்று மிஞ்சியது. சிற்பம் செதுக்க உதவும் மாக்கல்லை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கல்லில் கடல்நாயும் வேட்டைக்காரனுமாக அவர்கள் செதுக்கும் பதுமைகளுக்கு உலகமெங்கும் கிராக்கி உண்டு. இருந்தாலும், வீட்டை எடுத்துக்கொண்டு அம்மிக் கல்லைக் கொடுத்தது போலத்தான் இது.

ஆனால் அந்த மேல்மண்ணைக் கொடுத்த விதத்தில் ஓர் அம்சம் உண்டு; அதை நாம் கவனிக்க வேண்டும். நிலம் எந்தத் தனி மனிதனுக்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஊருக்கு ஒரு நிலக் கழகம். ஊரிலுள்ள இனுவிட் மக்கள் யாவரும் அதில் அங்கத்தினர். பங்குத் தொகை இல்லை, லாபம் பிரிப்பதில்லை. நிர்வாகிகளை ஊரார் தேர்ந்தெடுக்கிறார்கள். வீடு கட்ட மனை, பள்ளிக்கூடத்துக்கு இடம், விமானத் தளத்துக்குச் சரளைக் கல் எடுக்கும் குழி, வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் குத்தகை - எதுவானாலும் கழகத்தின் சம்மதம் வேண்டும். அடியில் உள்ள உலோகம் சர்க்காருடையதாக இருந்தாலும், அதை எடுக்க மேல்மண்ணைத் தொட வேண்டுமே. அதற்கும் கழகம் இணங்கி, ஈட்டுத்தொகை பேசி முடிய வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, அந்த நிலத்தை மாகாண சர்க்காரைத் தவிர வேறு யாருக்கும் விற்க முடியாது. கடனுக்காக ஜப்தி, பாகப் பிரிவினை வழக்கு, ஒரு தலைமுறைப் பிள்ளையின் ஊதாரித்தனம் - நம் கிராமங்களில் நிலம் கை மாறுவதற்கு உள்ள சகல மார்க்கங்களும் அங்கே அடைபட்டுப் போயின.

இந்தப் பத்திரமே வேண்டாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். புவிர்னிடுக், இவுஜிவிக் என்ற இரண்டு ஊர்களும், ஸலுயிட் ஊரில் ஒரு பகுதியினரும் ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தார்கள். புவிர்னிடுக்கில் கூட்டுறவு இயக்கம் வேரூன்றியிருந்தது. சிற்பங்களைத் தாங்களே விற்று, கடையைத் தாங்களே நடத்தி, கம்பெனியின் தயவில்லாமல் வாழப் பழகியவர்கள் அவ்வூரார். "எங்கள் நிலத்தை எங்களுக்கே கொடுக்க நீங்கள் யார்? அதற்கு விலையாக மற்ற நிலத்தை நாங்கள் ஏன் விட வேண்டும்?" என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். இதற்கு நேரான பதில் இன்று வரை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. கையெழுத்திட்டவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அணை எழும்பிக்கொண்டிருந்தது, காத்திருந்தால் இந்த இரண்டு பங்கும் கிடைக்குமோ, கிடைக்காதோ? அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால், ஒருவன் கழுத்தில் கயிறு இருக்கும்போது பேசி முடித்த பேரத்தை மனமொத்த பேரம் என்று கொண்டாடுவதற்கும் மனம் வரவில்லை. காலக்கிரமத்தில் மறுத்த ஊர்களிலும் நிலக் கழகங்கள் ஏற்பட்டன.

மேல்மண் மட்டும் கையில் இருந்தால் எவ்வளவு போதாது என்பதை 1984-ஆம் வருஷம் காட்டிற்று. அந்த வருஷம் இலையுதிர் காலத்தில், கானியாபிஸ்காவ் நதியைக் கடக்க இறங்கிய கரிபூ மான்களில் சுமார் 10,000 வெள்ளத்தில் அகப்பட்டு மடிந்தன. அந்த நதியின் தலைப்பில்தான் மின்சாரத் திட்டத்தின் பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. தேக்கத்திலிருந்து திறந்துவிட்ட தண்ணீரே காரணம் என்றார்கள் இனுவிட் மக்கள். பெருமழைதான் காரணம் என்றார்கள் சர்க்கார் தரப்பினர். கூஜுவாக் ஊரார் ஆற்றங்கரையில் ஒதுங்கிய உடல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீரும் மானும் ஊரெல்லைக்கு வெளியேயிருந்து வருகின்றன. ஊர்க் கழகத்தின் அதிகாரமோ ஊரெல்லையோடு நிற்கிறது.

இதனால்தான் தனித்தனிக் கழகங்கள் ஒரு சங்கமாகச் சேர வேண்டிய அவசியம் உண்டாயிற்று. ஒரு காட்சியை நேயர்கள் மனத்தில் நினைத்துப் பார்க்கலாம். சில நூறு பேர் வசிக்கும் ஊர். கழக ஆபீஸில் ஒரு காரியதரிசி, ஒரு மேஜை, சுவரில் ஒரு படம். எதிரே சுரங்கக் கம்பெனியின் வக்கீலும் எஞ்சினீயரும் கட்டுக்கட்டாகக் காகிதங்களோடு வந்து உட்காருகிறார்கள். காகிதங்கள் பிரெஞ்சிலோ இங்கிலீஷிலோ இருக்கின்றன. ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்ததோ இனுக்டிடுட் பாஷை. பக்கத்து ஊரில் இதே கம்பெனி என்ன வாடகை கொடுத்தது, குழியைத் தோண்டிவிட்டு மூடினார்களா, மூடாமல் போனார்களா என்று கேட்டறியலாம் என்றால், பக்கத்து ஊருக்குப் போக விமானம் ஏற வேண்டும். நுனாவிக் நிலக் கழகங்களின் சங்கம் இந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே ஏற்பட்டது. கழகங்களின் பிரதிநிதிகளை ஓரிடத்தில் கூட்டுவது, ஓர் ஊர் கற்ற பாடத்தை மற்ற ஊர்களுக்குச் சொல்லுவது, சர்க்காரிடமும் கம்பெனிகளிடமும் எல்லா ஊர்களுக்குமாகச் சேர்ந்து பேசுவது அதன் வேலை. பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வரும் வேலை அல்ல இது.

உலோகம் தேடுகிறவர்கள் வராமல் இல்லை. நுனாவிக்கின் வடமுனையில் ரக்லன் என்னுமிடத்தில் நிக்கல் சுரங்கம் ஒன்று 1997-இல் வேலை தொடங்கிற்று. அதற்கு முன்பே 1995-இல், மகிவிக் ஸ்தாபனமும் அருகிலுள்ள ஸலுயிட், கங்கிக்ஸுஜுவாக் ஊர்களும் கம்பெனியோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, லாபத்தில் ஒரு பங்கும் வேலை வாய்ப்பும் பெற்றன. 2011-இல் மாகாண சர்க்கார், வடக்கே சுரங்கமும் சாலையும் துறைமுகமுமாகப் பெருக்கும் "வடதிசைத் திட்டம்" ஒன்றைக் கொண்டாட்டமாக அறிவித்தார்கள். நாற்பது வருஷத்துக்கு முன் வந்த அறிவிப்பின் நெடி அதில் வீசியதை இனுவிட் மக்கள் உணராமல் இல்லை. ஆனால் இந்தத் தடவை அவர்களுக்கு ஸ்தாபனங்கள் இருந்தன. 2013-இல் மகிவிக், பிரதேச சர்க்கார், பள்ளிக்கூட போர்டு, வைத்திய போர்டு ஆகியவற்றோடு நிலக் கழகங்களின் சங்கமும் சேர்ந்து, பதினான்கு ஊர்களுக்கும் சென்று, "நமக்கு என்ன வேண்டும்?" என்று ஜனங்களையே கேட்டது. "பர்னஸிமவுடிக்" என்று அந்த விசாரணைக்குப் பெயர். தயாராக இருப்பதற்கான சாதனம் என்பது போன்ற பொருள் தரும் சொல். 2014-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. நிலத்தைப் பற்றிய பேச்சு, வீட்டு வசதி, பாஷை, பிள்ளைகளின் படிப்பு, உணவு என்று எல்லாவற்றோடும் பின்னிக்கொண்டே வந்தது. நில நிர்வாகம் என்பது சர்வே கல்லும் அடங்கலும் மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாயிருக்கும்.

நிலம் இருந்தால் போதாது, நிலத்துக்குப் போகவும் வேண்டும் என்பதற்கு ஒரு துக்ககரமான உதாரணம் இருக்கிறது. பனியில் வண்டி இழுக்கும் நாய்கள்தாம் அந்நாட்டின் வண்டிமாடு. 1950-களின் நடுவிலிருந்து 1960-களின் முடிவு வரை, பத்திரமில்லாமல் திரிகின்றன, நோய் பரப்புகின்றன என்று காரணம் சொல்லி, போலீஸாரும் அதிகாரிகளும் அந்த நாய்களை நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொன்றார்கள். நாயை இழந்த வேட்டைக்காரன் குடும்பத்தோடு ஊருக்குள்ளேயே முடங்கினான். இதற்காக மாகாணப் பிரதமர் 2011-இல் வருத்தம் தெரிவித்தார். மத்திய சர்க்கார் மன்னிப்புக் கேட்டது 2024-ஆம் வருஷம் நவம்பரில், அதோடு 4.5 கோடி டாலரும் கொடுக்க இசைந்தது. அந்த மன்னிப்பைக் கங்கிக்ஸுஜுவாக் ஊருக்குச் சென்று, சர்க்காரின் சார்பில் நேரில் சொன்ன மந்திரி யார் என்று நேயர்கள் அறிந்தால் வியப்படைவார்கள். இலங்கையில் பிறந்து, சிறு வயதில் கனடா சென்று குடியேறிய தமிழர் ஹரி ஆனந்தசங்கரி.

1975-இல் விடுபட்டவற்றில் ஒரு முக்கியமான விஷயம், கரைக்கு அப்பாலுள்ள கடலும் தீவுகளும். கடல்நாய் வேட்டையாடும் ஜனங்களுக்குக் கடலில்லாத பட்டா எதற்கு? அதற்காகப் பேச்சு வார்த்தை வருஷக்கணக்கில் நடந்து, 2006-இல் இரண்டாவது ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2008-இல் அமுலுக்கு வந்தது. நுனாவிக்கைச் சுற்றியுள்ள தீவுகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இனுவிட் மக்களுக்குச் சொந்தமாயிற்று. இந்தத் தடவை மேல்மண் மட்டுமல்ல, அடிமண்ணும் சேர்த்து. முப்பது வருஷத்துக்கு முன் கொடுக்கவே முடியாதென்று சொன்ன நிதி நிக்ஷேபம், பிறகு எப்படிக் கொடுக்கக்கூடியதாயிற்று? கேட்கிறவர்களிடம் இப்போது ஸ்தாபனமும் அனுபவமும் சொந்த வக்கீலும் இருந்தன என்பது தவிர வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை.

கடைசியாக இனுக்ஜுவாக் என்ற ஊரின் செய்தி. சினிமாச் சரித்திரம் அறிந்தவர்களுக்கு அந்த இடம் பழக்கமானதுதான். 1922-இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற "நானூக் ஆஃப் த நார்த்" என்ற மௌனப் படம் அந்தப் பக்கத்தில் எடுக்கப்பட்டது. படமெடுக்கப் பணம் கொடுத்தவர்கள் ஒரு தோல் வியாபாரக் கம்பெனியார். நானூக்காகத் தோன்றியவரின் உண்மையான பெயர் வேறு. தங்கள் வாழ்க்கையைப் பிறர் கதையாக்குவதை அவ்வூரார் அன்றே பார்த்துவிட்டார்கள்.

அவ்வூர் நிலக் கழகத்துக்குப் பிடுவிக் என்று பெயர். மாகாணத்தின் தென்பாகமெல்லாம் வடக்கத்திய நதிகளின் மின்சாரத்தில் ஜொலிக்க, நுனாவிக் ஊர்கள் மட்டும் கப்பலில் வந்த டீசல் எண்ணெயை எரித்தே விளக்கேற்றி வந்தன. இந்த விபரீதத்தைச் சகிக்காமல், பிடுவிக் கழகத்தார் தங்கள் ஊர் ஆற்றிலேயே ஒரு சிறு மின்சார நிலையம் அமைக்க எண்ணினார்கள். அணையால் வந்த கேட்டை அறிந்த ஜனங்களிடம் அணை கட்டலாமா என்று கேட்பது எளிதா? கேட்டார்கள். பல வருஷம் பேசினார்கள். 2010-இல் ஊரார் வோட்டெடுத்து, பெரும்பான்மையாக ஒப்புக்கொண்டார்கள். பெரிய தேக்கம் கட்டி ஊரை மூழ்கடிக்காமல், ஓடுகிற நீரின் வேகத்தைக் கொண்டே சக்கரம் சுழற்றும் முறை. கழகமும் ஒரு மின்சாரக் கம்பெனியும் சமபாதிப் பங்காளிகள். மின்சாரத்தை மாகாண மின்சார ஸ்தாபனம் 40 வருஷத்துக்கு வாங்கிக்கொள்வதாக 2019-இல் ஒப்பந்தம் ஆயிற்று. 7.5 மெகாவாட் சக்தியுள்ள அந்த நிலையம் 2023-இல் வேலை செய்யத் தொடங்கியது. மற்றப் பதின்மூன்று ஊர்களிலும் இன்னும் பெரும்பாலும் டீசல்தான்.